ஒரு கட்டில், இரண்டு பெஞ்சு, ஒரு பீரோ: சோழவந்தான் வீட்டில் 14 மாதம்

அப்பத்தாவின் கட்டில் சோழவந்தான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் எட்டு வருஷம் கிடந்தது. மாட்டை விற்ற பிறகு அந்தக் கொட்டகையில் உரமூட்டை, தேங்காய் மட்டை, உடைந்த சைக்கிள், அவற்றுக்குப் பின்னால் சுவரோடு சாத்திய கட்டில். வீட்டுக்குள் போட இடமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கிற கடைகள் வரிசையாக உண்டு. அங்கிருந்து வந்த ஒரு வியாபாரி பார்த்துவிட்டு 9,000 ரூபாய் தருகிறேன் என்று சொல்லிப் போயிருந்தார். சித்திக்கு மனசு வரவில்லை. "அவுக படுத்து எந்திரிச்ச கட்டிலு, எவுக வீட்டுலயோ போயி நிக்கணுமா தம்பி? நீ ஏதாச்சும் பண்ணிக் குடு" என்றார்.

என்ன செய்வது என்பதும் சித்திக்குத் தெரிந்தே இருந்தது. வைகாசியில் ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா. அப்போது வீடு கொள்ளாத கூட்டம் வரும். எல்லாரும் உட்காருவது வாசலில் வேப்பமரத்தடியில்தான். வருஷா வருஷம் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்தார்கள். கட்டிலை உட்காருகிற பெஞ்சாக்கி வாசலில் போட்டுவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம். கொட்டகையில் கதவு கழன்ற ஒரு இரும்பு பீரோவும் இருந்தது. அதையும் ஒரு கை பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

மரவேலை எனக்குத் தொழில் இல்லை. மதுரையில் என் வீட்டு மொட்டை மாடியில் பழைய சாமான்களை வைத்து இருபது வருஷமாக ஏதாவது செய்துகொண்டிருப்பவன். இந்த வேலையைப் பங்குனி கடைசியில் தொடங்கினோம். அடுத்த வருஷம் வைகாசி வரை, அதாவது 14 மாதம், என்ன ஆனது என்று நோட்டில் குறித்து வைத்தேன். செய்து முடித்த அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழையும் ஒரு கோடையும் தாண்டிய பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில், அதற்கு முந்தின வருஷம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் ஒரு டிவி ஸ்டாண்டு சும்மா கிடந்தது. மேலே மரம் மாதிரி தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு. மொட்டை மாடியில் பூந்தொட்டி வைக்கலாம் என்று இரண்டு கோட் எனாமல் பெயின்ட் அடித்து வைத்தேன். ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது வாரம் அடிப்பலகை ரஸ்க் பால் குடித்த மாதிரி ஊதிப்போய் ஸ்க்ரூவெல்லாம் கழன்று விழுந்தது. மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகை அது. ஓரத்தில் ஒரு முடி அளவு விரிசல் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வராது. பிளைவுட்டில்கூட எல்லாம் ஒன்றில்லை. பலகையில் ஐஎஸ் 710 என்று முத்திரை இருந்தால் அது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடாத பசை போட்டது. ஐஎஸ் 303 முத்திரையோடு எம்ஆர் என்று இருந்தால் வீட்டுக்குள் வைக்க மட்டும்தான். பிரம்பு நாற்காலியையும் வாசலில் போட வேண்டாம். வெயிலில் முறுகி, மழையில் பூஞ்சணம் பிடித்துப் போகும். வெளியே வைக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, அது எதனால் செய்தது என்பதைத்தான்.

கட்டிலைப் பிரித்தபோது

சோழவந்தான் மதுரைக்கு வடமேற்கே, 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வைகைக் கரை. கொடிக்கால், தென்னந்தோப்பு, வயல் என்று ஈரம் வற்றாத மண். மதுரை மாவட்டத்துக்கு வருஷ மழை 850 மில்லிமீட்டர் அளவில்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிக் கொட்டித் தீர்த்துவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதே மாதத்தில் சாயங்காலம் இடியோடு ஒரு மழையும் அடிக்கும். காய்ந்து சுருங்கின மரத்தில் பொசுக்கென்று தண்ணீர் விழுவது ஐப்பசி அடைமழையைவிடக் கெடுதல். மரம் நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம். அகலவாக்கில் ஈரத்துக்கு உப்பி, காய்ச்சலுக்குச் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும், ஆனால் அசையும். வீட்டுக்குள் 50 வருஷம் அசையாமல் நின்ற கட்டிலின் மூட்டு வாசலுக்கு வந்த முதல் வருஷத்திலேயே ஆடத் தொடங்குவது இதனால்தான்.

ஊர் ஆசாரி ஒருவர் வந்தார். எழுபதை நெருங்குகிற வயது. கட்டிலைப் பார்த்ததும் அளவெடுக்கவில்லை. இடுப்பில் இருந்த பேனாக் கத்தியை எடுத்து ஒவ்வொரு கட்டையிலும் யாருக்கும் தெரியாத பக்கமாகக் குத்திப் பார்த்தார். தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இரண்டு பக்கச் சட்டம், மூன்று கால்கள், எல்லாம் தேக்கு. வைரம் பாய்ந்த மரம். கத்தி முனை உள்ளே போகவில்லை. படுக்கிற பலகை ஆறும் மாம்பலகை. அது உளுத்துப் போய், தட்டினால் மாவு கொட்டியது. அதைத் தூக்கி அடுப்புக்குப் போட்டோம்.

நான்காவது கால், கால்மாட்டில் இடது பக்கம், கொஞ்சம் எடை குறைவாக இருந்தது. பாலிஷைச் சுரண்டினதும் மரம் வெளுப்பாகத் தெரிந்தது. "இது தேக்கு இல்ல தம்பி. முன்னாடி எப்பவோ கால் ஒடிஞ்சிருக்கு. மாங்கட்டையில கடைஞ்சு போட்டு, சாயம் ஏத்தி விட்டிருக்காங்க" என்றார் ஆசாரி. யார் ஒடித்தது என்று சித்தப்பாவிடம் கேட்டோம். சின்ன வயதில் அவரும் என் அப்பாவும் கட்டிலில் ஏறிக் குதித்ததாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தக் காலை அப்படியே வைத்துக்கொண்டோம். நான் செய்த இரண்டு தப்பில் அது ஒன்று.

பாலிஷ் பற்றிக் கொஞ்சம். பழைய கட்டில், பீரோ, நாற்காலிகளில் இருக்கும் பளபளப்பு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்தது. ஈரம் பட்டால் அது பால் மாதிரி வெளுக்கும். அதன்மேல் எதை அடித்தாலும் வெளியில் நிற்காது. முழுக்க எடுத்தே ஆக வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைப் போட்டு இளக்கி, ஆசாரி உடைந்த கண்ணாடிச் சில்லை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்து இழுத்தார். சுருள் சுருளாக, காப்பிப் பொடி நிறத்தில் பாலிஷ் வந்து விழுந்தது. அதற்கப்புறம் 80, 120, 180 என்று உப்புத்தாள். இரண்டு நாள் இதற்கே போனது. தலைமாட்டில் இரண்டு கிளிகள் எதிரெதிரே உட்கார்ந்த சித்திரவேலை இருக்கிறது. அந்தக் கிளிகளின் இறக்கை இடுக்கில் சித்தி ஈர்க்குச்சியும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தார்.

வெட்டின கணக்கு

கட்டில் ஐந்தடி அகலம், ஆறேகால் அடி நீளம். தலைமாடு ஒரு பெஞ்சுக்கு முதுகு, கால்மாடு இன்னொரு பெஞ்சுக்கு முதுகு என்பது பார்த்ததும் தோன்றிவிடும். பின்கால்கள் இருக்கின்றன. முன்கால்களுக்கும் பக்கக் கட்டைக்கும் எங்கே போவது என்பதுதான் கேள்வி. நான் புது மரம் வாங்கலாம் என்றேன். ஆசாரி பக்கச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பீடி முடியும் வரை பேசவில்லை.

பிறகு சட்டத்தில் பென்சிலால் மூன்று கோடு போட்டார். சட்டம் 75 அங்குலம். இந்தப் பக்கத்து நுனியிலிருந்து 20, அந்தப் பக்கத்து நுனியிலிருந்து 20. நடுவில் மிஞ்சுவது 35. அதில் இரண்டு முன்கால், 17, 17. வாள் தின்கிற மரம் மிச்சம் ஒரு அங்குலம். இரண்டு சட்டத்திலும் இப்படி வெட்டினால் இரண்டு பெஞ்சுக்கும் நான்கு பக்கக் கட்டை, நான்கு முன்கால். வீணாகிற மரம் ஒரு கைப்பிடி தூள்.

இதில் எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றின இடம் வேறு. சட்டத்தின் இரண்டு நுனியிலும் கழுந்து, அதாவது காலின் துளைக்குள் செருகுகிற நாக்கு, ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று தலைமாட்டுக் காலில் போய் உட்காருவது, மற்றது கால்மாட்டுக் காலில். நுனியிலிருந்து 20 அங்குலம் வெட்டுவதால் அந்தக் கழுந்தும் துளையும் பழையபடியே சேர்ந்துகொள்கின்றன. கட்டில் செய்தவர் போட்ட மூட்டு, அதே இடத்தில், அதே கால்களோடு. புதிதாகத் துளை போட வேண்டியது முன்பக்கம் மட்டும். நான் என் இஷ்டத்துக்கு நடுவில் இரண்டாக அறுத்திருந்தால் அந்த மூட்டெல்லாம் போயிருக்கும்.

மூட்டுகளில் வெள்ளைப் பசை போடவில்லை. சாதாரண மரப்பசை தொடர் ஈரத்தில் இளகிவிடும். கழுந்தைத் துளையில் இறுக்கி, குறுக்கே துளைத்து மூங்கில் ஆணி அடித்தார். முற்றின மூங்கிலை எண்ணெயில் வறுத்துச் சீவிய ஆணி. இரும்பு ஆணி ஒன்றுகூட வேண்டாம் என்று நானும் சொன்னேன். தேக்கில் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழும். அப்புறம் துருப்பிடித்து ஆணி உப்பி, மரத்தைப் பிளக்கும். உட்காருகிற பட்டைகளைப் பொருத்த 304 தர எவர்சில்வர் ஸ்க்ரூ வாங்கினோம். சாதாரண ஸ்க்ரூவைவிட விலை பல மடங்கு. ஆனால் மொத்தச் செலவில் அது 640 ரூபாய்தான். இதில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பட்டைக்கு மரம் மதுரையில் கிடைத்தது. பழைய வீடு இடிக்கிற இடங்களில் நிலை, கதவு, சன்னல் எடுத்து விற்கிற கடையில் ஐந்து தேக்கு நிலைக்கட்டை, ஏழடி நீளம், 4க்கு 3 அங்குலம். மரம் அறுக்கும் மில்லுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு அங்குலமும் தடவிப் பார்த்து ஆணி பிடுங்கினோம். மில்காரர் வாளில் ஒரு ஆணி பட்டால் அடுத்த முறை பழைய மரத்தை உள்ளேயே விடமாட்டார். நான்கு கட்டையில் கட்டைக்கு மூன்று பட்டை. ஐந்தாவது கட்டை இரண்டு பெஞ்சுக்கும் முன்சட்டமாகவும் நடுத்தாங்கலாகவும் ஆனது.

பெஞ்சுக்கு ஆறு பட்டை. மூன்று அங்குல அகலம், இடையில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த 8 எங்கிருந்து வந்தது என்றால், வேப்பிலைக் காம்பு விழுந்தால் கீழே இறங்கிவிட வேண்டும், குழந்தை விரல் மாட்டக் கூடாது. ஆசாரி அளவுக்கு ஒரு பென்சிலை வைத்தே இடைவெளி விட்டார். பட்டைகளின் மேல்முனையை இழைப்புளியால் லேசாக உருட்டிவிட்டார். பின்பக்கத்தைவிட முன்பக்கம் நூலளவு தாழ்வு. உட்காருகிறவருக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

காலடி. நிற்கிற காலின் அடிப்பாகம்தான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய். குறுக்குவெட்டில் மரத்தின் நரம்பெல்லாம் திறந்து கிடக்கும், ஸ்ட்ரா மாதிரி. அங்கே எபாக்சிப் பிசின் இரண்டு பூச்சு கொடுத்து, ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கடப்பாக் கல் துண்டு. கல் வைத்தால் கரையான் ஏறாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஏறும். ஆனால் மண்ணுக்குள் மறைந்து வர முடியாமல் கல்லின்மேல் மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்தக் குழாய் நம் கண்ணில் படும். வாரம் ஒரு தடவை வாசல் தெளிக்கும்போது சித்தி பார்த்துவிடுவார்.

தொளை

கட்டில் கால்களின் தலையில், கடைசல் குமிழுக்கு நடுவே, ஒவ்வொன்றிலும் ஒரு தொளை. ஒரு அங்குல அகலம், மூன்று அங்குல ஆழம். கொசுவலைக் கம்பு நட்டுவைக்கிற தொளை. நானும் என் தங்கையும் அப்பத்தாவோடு அந்தக் கட்டிலில் படுத்தவர்கள். கம்பில் முடிந்த வலை காற்றுக்கு அசைகிறது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

"தம்பி, இந்தத் தொளைய அடைச்சு விட்டுறலாமா?" என்று ஆசாரி கேட்டார்.

"வேணாண்ணே, இருக்கட்டும். பார்க்க நல்லாத்தான இருக்கு."

"மானத்தப் பாத்து இருக்கே" என்றார். நான் மறுபடியும் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். இரண்டாவது தப்பு இது.

தலைமாட்டுப் பெஞ்சைச் சித்திரவேலை கெடாமல் இருக்கத் தாழ்வாரத்துக்குள் போட்டோம். கால்மாட்டுப் பெஞ்சு வேப்பமரத்தடிக்குப் போனது. திருவிழாவுக்கு இரண்டும் தயார். மூன்று நாளும் அந்தப் பெஞ்சுகளில் உட்கார இடமில்லாமல் ஆள் நின்றார்கள். ஒரு பெரிய மனுஷி கிளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பெரியாத்தா கட்டிலுல்ல" என்று கேட்டபோது சித்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஐப்பசி வந்தது. மழை நின்ற ஒரு காலையில் நான் போயிருந்தபோது பெஞ்சின் இடதுகால் தொளையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்புவரை தண்ணீர். அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. கொசுப்புழு. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிட்டுப் பழகினது. ஊருக்குள் வந்து தொட்டி, டயர், கொட்டாங்குச்சி என்று மாறிக்கொண்டது. நான் அதற்கு மறுபடியும் ஒரு மரப்பொந்தையே வாசலில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். மொத்தம் கால் டம்ளர் தண்ணீர்கூட இல்லை. வெதுவெதுப்பான நாளில் முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் போதும். அந்தப் பெஞ்சில் சித்தியின் பேத்தி தினமும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அன்றைக்கு எனக்கு மனசு சரியாகவே இல்லை.

தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கத்தியால் குத்திப் பார்த்தேன். தேக்குக் காலில் உள்சுவர் கறுத்திருந்தது, அவ்வளவுதான். மாங்கட்டைக் காலில் கத்தி ஒரு அங்குலம் கொழுக்கட்டையில் இறங்குவது போல் இறங்கியது. ஒரே பெஞ்சு, ஒரே மழை, ஒரே அளவு தொளை. தாழ்வாரத்துப் பெஞ்சின் தொளைகளில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

மழைக்காலம் முடியட்டும் என்று அதுவரை தொளைகளில் தேங்காய் நாரைத் திணித்து, மேலே பாலித்தீன் கட்டி வைத்தோம். தை பிறந்ததும் ஆசாரி வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாங்கட்டைக் காலின் தலையை நல்ல மரம் வரும் வரை, மூன்றரை அங்குலம், வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த நிலைக்கட்டையில் கடைந்த தேக்குத் தலையைக் கழுந்து போட்டு ஏற்றினார். தேக்குக் காலின் தொளையை நன்றாகக் காயவிட்டு, தேக்கு முளையை எபாக்சியில் தோய்த்து இறக்கினார். இரண்டுக்கும் மேலே குடை மாதிரி விளிம்பு நீட்டிய குமிழ். விளிம்புக்கு அடியில் சுற்றிலும் ஒரு சின்னக் காடி. வழிந்து வருகிற தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டிக் காலுக்குப் போகாமல் சொட்டிவிடும். வீட்டுச் சன்சேடின் அடியில் கொத்தனார் இழுக்கிற காடி இருக்கிறதே, அதேதான். இந்த ஒரு நாள் வேலையைச் சித்திரையிலேயே செய்திருக்கலாம்.

எண்ணெய் பூசின பாதி, பூசாத பாதி

வெளியில் வைக்கிற தேக்குக்கு என்ன பூசுவது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் மரத்தடிப் பெஞ்சில் ஒரு காரியம் செய்தேன். ஐந்தடியில் இடது பாதிக்குக் காய்ச்சின ஆளிவிதை எண்ணெயை டர்பெண்டைனோடு சரிபாதி கலந்து ஒரு பூச்சு, பிறகு தனி எண்ணெய் இரண்டு பூச்சு. வலது பாதி அப்படியே வெறும் மரம். வார்னிஷ் எங்கேயும் அடிக்கவில்லை. வார்னிஷ் ஒரு தோல். அடியில் மரம் அசையும்போது தோல் கிழியும், கிழிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து பக்கத்துத் தோலையும் உரித்துக்கொண்டே போகும். அப்புறம் முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க முடியும்.

ஆடி வரை எண்ணெய் பூசின பாதிதான் கண்ணுக்கு அழகு. தேன் நிறம். வெறும் பாதி வெளுத்துச் சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கார்த்திகையில் நிலைமை மாறியது. எண்ணெய்ப் பக்கம் கறுப்புப் புள்ளிகள், எள்ளைத் தூவின மாதிரி. ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. அதுவும் மரநிழலில் சீக்கிரம் காயாத இடத்தில். வெறும் பக்கம் ஒரே சீராகச் சாம்பல் பூத்து, கை வைத்தால் இழுப்பில்லாமல் இருந்தது. வெயில் மரத்தின் மேல்தோலை மட்டும்தான் அப்படி ஆக்கும். நகத்தால் கீறினால் கீழே பழைய தேக்கு நிறம் தெரியும்.

தையில் எண்ணெய்ப் பக்கத்தைச் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக் கழுவி, மறுபடி எண்ணெய் பூசாமல் விட்டுவிட்டோம். இப்போது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிறம். வைரம் பாய்ந்த தேக்காக இருந்தால் மழை படுகிற இடத்தில் வெறுமனே விட்டுவிடுவதே நல்லது என்பது என் முடிவு. தாழ்வாரத்துப் பெஞ்சுக்கு எண்ணெய் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

எண்ணெய் தொட்ட துணியைப் பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டி மூலையில் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். கொட்டகையில் தேங்காய் மட்டையும் வைக்கோலும் இருக்கிற வீட்டில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் துணியைக் கொடியில் விரித்துக் காயப்போட்டோம்.

பீரோ

ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம். அடித்தகடு துருவில் ஓட்டை. மல்லாக்கப் படுக்கப்போட்டால் பெரிய தொட்டி. உள்தட்டுகள் அப்போது நின்ற சுவர்களாகிவிடும். எல்லாத் தட்டையும் பிடுங்காமல் ஒன்றை மட்டும் நடுவில் விட்டோம். இல்லையென்றால் மண்ணின் கனத்தில் பக்கத்தகடு வயிறு தள்ளிவிடும்.

சித்தப்பாவுக்கு அதை மாடிக்கு ஏற்ற ஆசை. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த அளவுக்கு விளிம்புவரை நிரப்பினால் 850 லிட்டர் சொச்சம் மண். மழையில் நனைந்தால் ஒரு டன்னுக்கு மேல். பழைய வீட்டு மாடியில் ஒரே இடத்தில் அவ்வளவு கனம் ஏற்றக் கூடாது. அதனால் கொல்லைப்பக்கம், செங்கல் வரிசைமேல் படுத்தது. பின்தகடு மெல்லியது என்பதால் நீளத்துக்கும் நான்கு வரிசை செங்கல்.

சித்தி கேட்டது கீரைப் பாத்தி. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த பீரோ அதற்கு எவ்வளவோ முந்தியது. பழைய பெயின்ட் உரிந்து மண்ணில் கலக்கிற தொட்டியில் வளர்ந்த கீரையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. பெயின்டைச் சுரண்டும்போதும் தண்ணீர் தெளித்துத்தான் தேய்த்தோம். தூளைத் தாளில் அள்ளிக் கட்டினோம். பிள்ளைகளை அன்று பக்கத்தில் விடவில்லை. துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர், வெளியே எனாமல், உள்ளே தார் பெயின்ட். அடியில் கைப்பிடி தூரத்துக்கு ஒரு ஓட்டை.

கீரைக்குப் பதில் மல்லி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் வருகிறது. செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டர் விட்டு, ஒன்றரை அடி ஆழக் குழியில் நடுவது வழக்கம். அந்தக் கணக்கில் பீரோவில் தட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு செடிதான். ஆசைப்பட்டு ஆறு வைக்கப் பார்த்தார்கள், விடவில்லை. அடியில் அரையடிக்குத் தேங்காய் மட்டை. மேற்குப் பக்கத் தகட்டின் உள்பக்கமும் மட்டையை நிறுத்தி வரிசையாக அடுக்கினோம். பிற்பகல் வெயிலில் அந்தத் தகட்டில் கை வைக்க முடியாது. வேர் அதை ஒட்டி வளர்ந்தால் வெந்துவிடும்.

கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்தார்கள். பங்குனியில் மொட்டு வந்தது. இரண்டு செடியில் தினமும் ஒரு கிண்ணம். சித்தி தலைக்கும் சாமிக்கும் அது போதும்.

செலவும் இன்றைய நிலையும்

ஆசாரிக்கு ஆறு நாள், நாளுக்கு 1,100. நிலைக்கட்டையும் அறுப்புக் கூலியும் 6,500. ஸ்க்ரூ 640. எண்ணெய், டர்பெண்டைன், ஸ்பிரிட் 750. பிரைமர், பெயின்ட் 900. மொத்தம் 15,390 ரூபாய். தைமாதத்து ரிப்பேருக்கு ஒரு நாள் கூலி தனி. இந்தக் காசுக்குக் கடையில் பெஞ்சு கிடைக்குமா என்றால் கிடைக்கும். தேக்கில் கிடைக்காது. வியாபாரி கேட்ட 9,000த்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் கணக்கு சரிதான். சித்தியிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வைகாசியில் கடைசியாகப் பார்த்தது: மூட்டு எட்டிலும் ஆட்டம் இல்லை. ஒரு பட்டை நடுவில் லேசாக வளைந்திருக்கிறது, திருப்பிப் போட்டு முடுக்க வேண்டும். கரையான் குழாய் ஒரே தடவை, ஆவணியில், பின்கால் கல்லில் ஏறியது. சித்தி விளக்குமாற்றால் இடித்துவிட்டார், மறுபடி வரவில்லை. பீரோவின் வடக்கு ஓரத்தில் எட்டணா அளவு துரு துளிர்த்திருக்கிறது. கவாத்துக்கு அப்புறம் அதைச் சுரண்டி பிரைமர் வைக்க வேண்டும். குமிழ் வைத்த இடத்தில் இடிமழை மூன்று அடித்த பிறகும் கத்தி இறங்கவில்லை. வேப்பம்பழம் உதிரத் தொடங்கிவிட்டது. பட்டை இடுக்கில் சிக்கின கொட்டைகளைச் சித்தியின் பேத்தி தென்னங்குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.